புகை இல்லாத ஞாயிற்றுக்கிழமை

படம் விலை போகாவிட்டால் லெமுவேல் மறுபடி மச்சானின் வண்டிப் பட்டறைக்குப் போய்ச் சக்கரங்களுக்குச் சிவப்புச் சாயம் அடிக்க வேண்டியதுதான். அந்த வாடையை நினைத்தாலே ஹாஸ்புரூக் அம்மாள் சுட்டுப்போடும் அப்பமும் மேப்பிள் பாகும் தொண்டையில் இறங்க மறுத்தன. ஆனாலும் ஏழு அப்பம் இறங்கியிருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேட்ஸ்கில் மலையடியில் அந்த அம்மாள் நடத்திய விடுதியில் கோடை முழுக்கத் தங்கி, பள்ளத்தாக்கில் சூரியன் சாய்வதை நாலடி அகலத்தில் வரைந்து முடித்திருந்தான். வரையச் சொன்னவர் ஸ்னைடர். பள்ளத்தாக்கின் நடுவே தோல் பதனிடும் ஆலை வைத்திருப்பவர். சனிக்கிழமை மாலை வந்தார். பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“என் ஆலை எங்கேப்பா?”

நியூயார்க்கில் எல்லாப் படக்காரர்களும் செய்வதைத்தான் லெமுவேலும் செய்திருந்தான். வெட்டிப்போட்ட மரங்களைத் திரும்ப முளைக்க வைத்து, ஆலையின் புகைபோக்கியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓடைநீர் குடிக்கும் மான் ஒன்றை நிறுத்தியிருந்தான். பட்டணத்துப் பணக்காரர்களுக்கு மான் என்றால் உயிர். இந்தப் படத்தை வாங்குகிறவர் யார் என்பதைப் பழகின கை மறந்துவிட்டது.

“முப்பது வருஷப் பாடு! அதை எடுத்துட்டு மானா? அங்கே ஓடுற தண்ணியைக் குடிச்சா மானுக்கு உள்ளேயிருந்தே தோல் பதமாயிடும்யா!”

“உரிச்சு நேரா செருப்பு தைச்சுக்கலாம்” என்றாள் ஹாஸ்புரூக் அம்மாள், மேசையைத் துடைத்தபடி.

“நீ சும்மா இரு, ட்ரூசில்லா” என்று ஸ்னைடர் அம்மாளை அடக்கினார்.

“ஆலை படத்துல இருக்குங்க ஐயா.” லெமுவேலின் வாய் முந்திக்கொண்டது. “அந்தப் பொன் நிறம் பூரா உங்க புகைதான். அதுக்குள்ள புகுந்து வர்றதாலதான் வெயில் இப்படி உருகுது. புகைபோக்கியை யார் வேணா வரைவாங்க. நான் அது செய்யிற வேலையை வரைஞ்சிருக்கேன்.”

ஸ்னைடர் தோலில் ஓட்டை தேடுகிறவர் போல அவன் முகத்தைப் பார்த்தார். “நாளைக்கு ஞாயிறு. ஆலையில அடுப்பு எரியாது. சாயங்காலம் வர்றேன். வானம் இதே மாதிரி பொன்னா இருந்துச்சுன்னா படத்தை நீயே சுமந்துட்டுப் போ.”

மறுநாள் ஆலயத்தில் ஊரார் நல்ல விளைச்சலுக்கு வேண்டிக்கொள்ள, லெமுவேல் அழகில்லாத அஸ்தமனம் ஒன்றைக் கேட்டுத் தலைகுனிந்திருந்தான். படக்காரன் எவனும் அதுவரை வைக்காத வேண்டுதல்.

மாலையில் மூவரும் வாசலில் நின்றார்கள். காற்று துடைத்துவிட்ட வானம். சூரியன் வெள்ளைத் தட்டு மாதிரி இறங்கி, ஓரத்தில் கொஞ்சம் எலுமிச்சை நிறம் காட்டிவிட்டு, மலைக்குப் பின்னால் போயே போய்விட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னது மெய்யாகிப் போனதா என்று லெமுவேலே மலைப்பக்கம் இன்னொரு தரம் எட்டிப் பார்த்தான்.

“இவ்வளவுதானா?” ஸ்னைடரின் முகமெல்லாம் மலர்ச்சி. “நான் கை கொடுக்கலேன்னா ஆண்டவருக்கே இவ்வளவுதான் வருது, பாரு!”

“அப்படியே உங்க ஆலை நாத்தத்தையும் வரையச் சொல்லுங்க” என்றாள் அம்மாள்.

அவர் காதில் வாங்கவில்லை. “படம் என் வீட்டுக் கூடத்துக்குத்தான். ஆனா அந்த மான்...”

“எடுத்துடறேங்க.”

“எடுக்காதே. என் சம்சாரத்துக்கு மான் பிடிக்கும். கொஞ்சம் நகர்த்தி வை. ஆலைக்கு மேலே, ஓடையில தண்ணி கெடாத இடமாப் பாத்து.”

திங்கட்கிழமை லெமுவேல் மானைச் சுரண்டி எடுத்து, ஓடையின் மேல்புறத்தில் புதிதாக நிறுத்தினான். கீழே ஆலை புகையத் தொடங்கியிருந்தது. அன்று ஒன்பது அப்பம் இறங்கியது.