அப்பா ஏற்றிய லோடு

அப்பா எங்கள் காரில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். சாமான் அடுக்குகிறார் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. லோடுதான். வேட்டியை மடித்துக் கட்டி, மேலே என் கணவரின் பழைய குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, கால்மணி நேரத்தில் ஏற்ற வேண்டியதை ஒரு மணி நேரமாக ஏற்றினார். அரிசிப் பை, ரைஸ் குக்கர், மாவு வாளி, முறுக்கு டின், குழந்தையின் ரப்பர் படகு, நான்கு பேரின் துணிப் பெட்டிகள். ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு, தட்டினால்கூட ஆடாமல், கூரை வரைக்கும் நின்றன. எதிர்வீட்டு ஹில்டகார்டு அம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் பால்கனியிலேயே நின்று வேடிக்கை பார்த்தாள். ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் சனிக்கிழமை காலையில் இவ்வளவு சுவாரசியம் யாருக்கும் கிடைப்பதில்லை.

"அப்பா, பின்னாடி கண்ணாடியே தெரியலீங்க" என்றேன்.

"லாரிக்கு ஏது புள்ள பின்னாடி கண்ணாடி? சைடுல ரெண்டு இருக்குதுல்ல. அத வெச்சுட்டே கல்கத்தா போயிட்டு வந்திருக்கறோம்."

"இது லாரி இல்லீங்கப்பா."

"அப்பொறம் எதுக்கு இத்தன சாமானம்? மூணு நாளைக்கு இத்தாலி போறீங்களா, குடி போறீங்களா?"

இங்கே உள்ள எங்கள் தமிழ்க் கூட்டத்தில் யார் பயணம் கிளம்பினாலும் இதே கதைதான். ஐரோப்பாவின் எந்த மூலையில் அறை எடுத்தாலும் ராத்திரி ரசம் சாதம் வேண்டும். ஒருமுறை பிராக் நகரத்து ஓட்டலில் குக்கரைச் செருகியதும் மாடி முழுக்க விளக்கு அணைந்துபோனது. அதிலிருந்து சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுக்கிறோம். அரிசியைக் கொண்டுபோவதை மட்டும் விடவில்லை.

என் அப்பா செங்கோடனைச் சங்ககிரியில் தெரியாதவர்கள் இல்லை. பைபாஸ் ரோட்டில் அவருடைய லாரி பட்டறை. வடநாட்டு பர்மிட் உள்ள அவருடைய சொந்த லாரிகள் வரிசையாக நிற்கும். என் தம்பி மீசை முளைக்குமுன்பே ஸ்டியரிங் பிடித்தான். நானும் கேட்டேன். கல்லூரி முதல் வருடம், கெஞ்சிக் கேட்டேன். பட்டறையில் இருந்த அத்தனை டிரைவர்களும் பார்க்கும்படி அப்பா சிரித்தார். "பொம்பளப்புள்ளைக்கு என்ன சாமி வண்டி? நீ பின்னாடி உக்காந்துட்டுப் போறவ" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். செல்லமாகச் சொன்னார், அதனால் மறக்கவில்லை.

கல்யாணமாகி உல்முக்கு வந்தேன். என் கணவர் பூபதி நூற்பு மில் இயந்திரங்கள் செய்கிற கம்பெனியில் பொறியாளர். ஊரில் பத்து வருஷம் கார் ஓட்டியவர். ஆனால் ஜெர்மனியில் நம் ஊர் லைசென்ஸ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு மறுபடி பரீட்சை. முதல் தடவை, முன்னால் போன சைக்கிள்காரருக்கு மரியாதையாக ஒரு ஹாரன் அடித்தார். அங்கேயே முடிந்தது. இரண்டாம் தடவை வலது பக்கத்திலிருந்து வந்த வண்டிக்கு வழி விடாமல் போனார். அதோடு, "ரயில் நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிவிட்டார். ஒன்றுமே தெரியாத நான் ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டேன். மறப்பதற்கும் எனக்கு எதுவும் இல்லை. முதல் தடவையிலேயே தேறினேன். ஊரிலிருந்து வந்த எங்கள் கூட்டத்தில் முதல் தடவையில் தேறியது நான் ஒருத்திதான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அதன்பிறகு நான் ஓட்டாத ரோடு இல்லை. குரோவேஷியாவின் கடலோரம் ஓட்டினேன். ஹாலந்தில் மழையும் காற்றுமாக அடித்தபோது ஓட்டினேன். பாரிஸில் கோடே போடாத அந்தப் பெரிய ரவுண்டானாவை, பூபதி கண்ணை மூடிக்கொண்டிருக்க, இரண்டு முறை சுற்றினேன். ஒரு முறை வழி தவறி, இன்னொரு முறை ஆசைக்கு. அதை வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"மாப்பளைக்கு என்னாச்சு புள்ள, கையில ஏதாச்சும் அடியா?"

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தன் மகள் கோகிலா வண்டி ஓட்டுவாள் என்று அவர் வாயால் வரவேண்டும். வேறு யார் சொன்னாலும் எனக்குப் போதாது. இத்தனை லாரிகளைக் கட்டி மேய்த்த மனிதர் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு விமானம் என்றாலே நடுக்கம், அதனால் எங்களைப் பார்க்க அப்பா மட்டும் உல்முக்கு வந்தார். வந்ததிலிருந்து கடைக்கும் கோயிலுக்கும் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு சொல் வரவில்லை. பூபதியின் ஹாரன் கதையைக் கேட்டுவிட்டு மட்டும், "ஹாரன் அடிச்சதுக்கு ஃபெயிலா? அடிக்காமப் போனாத்தானுங் மாப்ள தப்பு!" என்று அவர் பக்கம் பேசினார்.

இத்தாலிக்குக் கிளம்பும்போதும் பூபதிதான் முன் சீட்டில் உட்கார்ந்தார். அப்பா பின்னால், என் மகள் ஆதிராவின் பக்கத்தில். எல்லையில் இருக்கும் பெரிய ஏரியைத் தாண்டி, ஆஸ்திரியாவைத் தொட்டுவிட்டு, சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்தோம். வழியில் வண்டியை நிறுத்தி எலுமிச்சம் சாதம் சாப்பிட்டோம். அப்பா அங்கே நின்ற லாரிகளைச் சுற்றிச் சுற்றி வந்து டயர்களை எண்ணினார். ஒரு போலந்து டிரைவரிடம் இவர் தமிழிலும் அவன் அவனுடைய மொழியிலும் பேசிக்கொண்டார்கள். அவன் கேபினுக்குள் ஏற்றி உட்காரவே வைத்துவிட்டான். இறங்கி வந்தவர், "படுக்கை, அடுப்பு, எல்லாம் இருக்குது. ஒத்தையாளு ஓட்டறான், பாவம், கிளீனர் கூட இல்ல" என்று வருத்தப்பட்டார்.

ஸ்ப்ளூகன் கிராமத்தில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலையைக் குடைந்து சுரங்கத்தில் போகும். இன்னொன்று மலை மேலே ஏறும். போன வருஷம் பனியால் மூடிக் கிடந்ததால் எனக்குக் கிடைக்காத கணவாய். நான் இண்டிகேட்டரை மேலே ஏறுகிற பக்கம் போட்டேன்.

"குகையிலயே போயரலாமே" என்றார் பூபதி.

"குகையில போறதுக்கு எலியாப் பொறந்திருக்கலாம்."

பின்னால் அப்பா கனைத்தார். "மாப்ள, நீங்க கொஞ்சம் ஓட்டப்படாதுங்களா? லைசென்ஸ எவன் வந்து இந்த மலையில கேக்கப்போறான்?"

நான் கியரை மாற்றினேன். வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தையாக வந்திருக்காது. அதற்குள் ஆதிரா ஓங்கரிக்க ஆரம்பித்தாள். வண்டியை ஓரம் கட்டினேன். பூபதி பிளாஸ்டிக் பையோடு பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார, வேறு வழியில்லாமல் அப்பா முன் சீட்டுக்கு வந்தார். பெல்ட்டை இழுத்துக்கொண்டு, மேலே இருந்த பிடியை ஒரு கையால் பற்றி, இல்லாத பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டார்.

மலை ரோடு மடிப்பு மடிப்பாக ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் கீழே வந்த ரோடு இன்னும் சின்னதாகத் தெரிந்தது. இரண்டாம் கியர், முதல் கியர், மறுபடி இரண்டு. எஞ்சின் என்ன கேட்கிறது என்று என் காலுக்கே தெரிந்தது. அப்பா மூச்சை இழுத்துப் பிடித்து வளைவு முடிந்ததும் விட்டார். வண்டியை நான் குறை சொல்ல முடியாதபடி ஓட்டினேன். அவரும் குறை சொல்லவில்லை. அதற்கு மேலும் எதுவும் சொல்லவில்லை.

மேலேயிருந்து ஒரு ஊதல் கேட்டது. மூன்று சுரத்தில், ஏதோ ஊர்வலம் வருகிற மாதிரி.

"இதென்ன, கல்யாண வண்டியா?" என்றார் அப்பா.

"தபால் பஸ்ஸுங்க மாமா" என்றார் பூபதி. "இந்த மலையில அதுதான் ராஜா. அது வந்தா நாமதான் ஒதுங்கோணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் பஸ் வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றது. டிரைவர் கோபப்படவில்லை. உள்ளங்கையைக் காட்டி, காற்றைப் பின்னால் தள்ளுவதுபோல் இரண்டு முறை தள்ளினான். ஒதுங்க இடம் இருந்தது. நாங்கள் இப்போதுதான் ஏறி வந்த வளைவின் முதுகில். இறக்கத்தில், பின்னால், வளைந்து போக வேண்டும்.

உள்கண்ணாடியைப் பார்த்தேன். பொன்னி அரிசிப் பைதான் தெரிந்தது. இடது கண்ணாடியில் பாறை. வலது கண்ணாடியில் வெறும் வானம். அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கற்கள் நட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கப்பால் கீழே மாடுகள் மேய்வது புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"நான் எறங்கட்டுமா கோகிலா?" என்றார் பூபதி.

"நீங்க எறங்குனா புள்ள சீட்டெல்லாம் வாந்தி எடுத்து வெச்சுரும். அங்கயே இருங்க."

ஒரு நொடிதான் யோசித்தேன். பிறகு பஸ்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

"அப்பா, எறங்கிப் பின்னால போயி சைடு பாருங்க."

வண்டி பின்னால் எடுக்கும்போது இறங்கிப் போய்ப் பார்ப்பது கிளீனர் வேலை. டிரைவரே அதைச் செய்யமாட்டார். ஓனரைப் பார்த்து எறங்குங்க என்று சொல்கிற வாய் சங்ககிரியில் இன்னும் முளைக்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது. நான் திரும்பவில்லை. பெல்ட்டை விடுவிக்க அவருக்குத் தெரியவில்லை. கையை நீட்டி நானே அழுத்திவிட்டேன். கதவு திறந்தது. சில்லென்ற காற்று உள்ளே வந்தது.

வலது கண்ணாடியில் வானத்துக்கு நடுவே வேட்டி தெரிந்தது. கற்களை ஒட்டி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வண்டிக்கும் விளிம்புக்கும் நடுவில் போய் நின்றார். கையால் காரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு.

"வாங்கண்ணே! வாங்க வாங்க வாங்க... அப்படியே வாங்க..."

வேறு யாரோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். குரலே வேறாக இருந்தது. மெலிந்து, உரக்க, ராகம் போட்டு வந்தது. அப்பா சின்ன வயதில் யாரோ ஒருவருடைய லாரியில் கிளீனராகப் போனவர் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவர் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. இப்போது அந்தக் காலம் அவர் வாய்க்குத் தானாக வந்துவிட்டது. டிரைவரை அண்ணே என்றுதான் கிளீனர் கூப்பிடுவான்.

"லெப்ட்ல ஒடிங்கண்ணே... இன்னும்... இன்னும் ஒரு சுத்து... போதும், நேரா வுடுங்க..."

கிளட்ச்சை மயிரிழை விட்டு, பிரேக்கில் பாதியைத் தாங்கி, அந்தக் குரல் சொன்ன அளவுக்கு மட்டும் வண்டியை இறக்கினேன். பின் சக்கரம் எங்கே இருக்கிறது என்று என் இடுப்புக்குத் தெரிந்தது. கண்தான் நிறைந்து மறைத்தது, தோளில் துடைத்துக்கொண்டேன்.

"ஹோல்டான்!"

ஒரே தட்டு. நின்றேன். பஸ் ஒரு கையகலம் விட்டுக் கடந்தது. அதன் டிரைவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து இரண்டு விரலை நெற்றிக்குக் கொண்டுபோனான். மறுபடி மூன்று சுரமும் ஒலித்தது.

அப்பா ஏறி உட்கார்ந்து கைகளை ஊதித் தேய்த்துக்கொண்டார். பின்னால் பூபதி வாயெடுத்தார். "ஏனுங் மாமா, அண்ணேன்னு..."

உள்கண்ணாடியில் முறைக்க வழியில்லை. கழுத்தை முழுக்கத் திருப்பி முறைத்தேன். அவர் பிளாஸ்டிக் பையை ஆராய ஆரம்பித்தார்.

உச்சியைக் கடந்ததும் இத்தாலி. ஏரிக்கரையில் பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள ஊரில் நிறுத்தினேன். பூபதி எனக்கு ஒரு காப்பியும், அப்பாவுக்கு ஒன்றும் வாங்கி வந்தார். "மருந்து ஊத்தற மூடியில குடுக்கறான்" என்று சொல்லி அப்பா அதை ஒரே வாயில் விழுங்கிவிட்டுக் காரிடம் போனார். அப்போது அவருக்குப் போன் வந்தது. பட்டறை மேற்பார்வை பார்க்கும் ராசு. அப்பா போனில் பேசினால் போனே தேவையில்லை, சங்ககிரிக்கு நேரடியாகக் கேட்கும்.

"ஆங், சொல்லு ராசு... எங்கியா? மலை மேலடா. நம்ம கொல்லிமலையெல்லாம் இதுக்குப் பக்கத்துல வராது... இல்ல, நிறுத்தியிருக்குது. டிரைவரு காப்பி குடிச்சுட்டு இருக்குது. குடிச்சதீம் வண்டிய எடுத்தர்றதுதான்." கொஞ்ச நேரம் கேட்டார். "எந்த டிரைவரா? என்ற புள்ளதான்டா! எவன்டா வேற இந்த ரோட்டுல ஓட்டுவான்?"

ஆதிரா என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, ஏன் அழற?" என்றாள். காப்பி சூடு என்றேன்.

நான் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன். அப்பா தோளில் கிடந்த துண்டை ஏரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தார். மோட்டார் பைக்குகளில் வந்த ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பானெட்டின் மேல் சாய்ந்து, முன் கண்ணாடியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துடைத்தார். என் முகத்துக்கு நேராக ஒரு பூச்சி அப்பிக் காய்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிவிட்டு, வாயால் ஒரு ஊது ஊதி, அந்த இடத்தை மட்டும் மறுபடி துடைத்தார்.