சூலம் போட்ட வில்லை

வேலாயுதத்துடையது காதால் செய்கிற வேலை. கேலாங்கில் அடுக்குமாடி கட்டப்போகிற நிலங்களில், இரண்டாம் உலகச் சண்டைக்காலத்துக் குண்டு ஏதாவது வெடிக்காமல் புதைந்து கிடக்கிறதா என்று பட்டாளத்து டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு அடியடியாக நடக்க வேண்டும். காதில் மாட்டிய கருவி 'கீ' என்று கத்தினால் மண்டியிட்டு மெல்ல மண்ணைச் சுரண்ட வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுரண்டினால் வருவது என்ன? சார்டின் டப்பா, சைக்கிள் செயின், துருப்பிடித்த ஆணி. இதற்குத்தானா நெஞ்சு இந்தப் பாடு பட்டது என்று அலுத்துக்கொண்டு எழுந்திருப்பார்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அப்படித்தான் ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டம். ஓரத்தில் ஒரு துளை, நடுவில் சூலம், சூலத்துக்குக் கீழே மூன்று புள்ளி. ஆடி வெள்ளியில் சூலம் தானாகக் கைக்கு வந்தால் தமிழன் வேறென்ன நினைப்பான்? கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேலை முடிந்ததும் நேரே தங்கை மங்களத்தின் வீட்டுக்குப் போனார்.

மங்களத்துக்கு அப்போது சாமியை விட்டால் நாதியில்லை. புருஷன் மருதப்பன் லாரி ஓட்டுபவர். தங்கமான மனிதர்தான், கள் உள்ளே போகிறவரை. போய்விட்டதென்றால் சோற்றுப்பானை சாக்கடைக்குப் போகும். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் அவர்களுக்கு ஓர் அறை. மரப்படியில் அப்பன் காலடி கேட்டதும் மகள் கமலா கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். மங்களம் துணிமணியைப் பெட்டியில் அடுக்கித் தயாராக வைத்திருந்தாள்.

"இன்னொரு தடவ இவரு குடிச்சிட்டு வந்தா, புள்ளையக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துடுவேண்ணே. திருப்பி அனுப்பிடாதீங்க" என்று அண்ணனிடம் சொல்லியும் இருந்தாள்.

வில்லையைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மஞ்சள் தண்ணீரில் கழுவிக் குங்குமம் வைத்தாள். மருதப்பன் படியேறி வந்ததும் தட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"மண்ணுக்குள்ளேருந்து காளியாத்தாவே எந்திரிச்சு வந்திருக்கா. இதத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்க."

மருதப்பன் வில்லையையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டிலுக்கு அடியிலும் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கையை வைத்தார். "இனிமே தொடமாட்டேன்" என்றார்.

சத்தியம் அவருக்குப் புதிதா என்ன? சுவரில் மாட்டியிருந்த அத்தனை படங்களின் மேலும் செய்து தீர்த்தாயிற்று. எதுவும் ஒரு வாரம் தாண்டியதில்லை. இது தாண்டியது. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று, தீபாவளியும் வந்தது. தீபாவளியன்று குடிக்காமல் பலகாரத் தட்டோடு வீடு வீடாகப் போன மருதப்பனை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. கமலா இப்போது காலடி கேட்டால் படியில் இறங்கி ஓடினாள். பெட்டியிலிருந்த துணிமணி மறுபடி கொடிக்கு வந்தது.

கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு நாள், அதே நிலத்தின் மறுகோடியில் கருவி விடாமல் கத்தியது. வேலாயுதம் சுரண்டினார். ஒரு கை நிறைய வில்லைகள் வந்தன. எல்லாவற்றிலும் அதே சூலம். கீழே ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. ஒன்றாக வந்தபோது சாமி என்று கும்பிட்டாயிற்று. கும்பலாக வந்தால் என்ன செய்வது? எல்லாவற்றையும் துண்டில் முடிந்துகொண்டார்.

அந்த நிலத்துக்குப் பக்கத்துத் தெருவில் இராஜரத்தினம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். கலால் இலாகாவில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் நடக்க வந்தால் வேலியோரம் நின்று நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டார். அவரிடம் வேலாயுதம் வில்லைகளை நீட்டினார்.

"உதுவோ? உது கள்ளுக்கடை வில்லை எல்லே, தம்பி" என்றார் இராஜரத்தினம். "சண்டைக்கு முந்தி கடை இந்த இடத்திலதான் இருந்தது. மேசையில காசைக் குடுத்தா வில்லை தருவினம். உள்ளுக்குப் போய் வில்லையைக் குடுத்தாத்தான் கள்ளு ஊத்துவினம். வாசிக்கத் தெரியாத சனத்துக்காகப் புள்ளி. மூண்டு புள்ளி எண்டா பெரிய குவளை."

"சூலம் எதுக்குங்க?"

"கடையைக் குத்தகைக்கு எடுத்தவர் பெரிய பக்தர். தன்ர சாமான் எல்லாத்திலயும் சூலம் போட்டவர்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். வேலாயுதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அட கடவுளே! கள்ளுக்கடைப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத மனிதர் அவர்; அவர் கண்டாரா இதை? இத்தனை மாதம் தங்கை விளக்கேற்றிக் கும்பிட்டது ஒரு பெரிய குவளைக் கள்ளை. விஷயம் மருதப்பன் காதுக்குப் போனால்? சாமியே பொய் என்றால் சத்தியம் மட்டும் எங்கே நிற்கும்? கமலா மறுபடி கட்டிலுக்கு அடியில் ஒண்டுகிற காட்சி கண்முன் வந்தது. அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் லீவு போட்டார். பாத்திரக்கடையில் அதே அளவில் ஒரு பித்தளை வில்லை வெட்டச் சொல்லி, சூலம் பொறித்து வாங்கினார். காளியம்மன் கோயிலில் ஆத்தாள் காலடியில் வைத்து அர்ச்சனையும் செய்தார். இது அசல். இனி எவன் வந்து என்ன சொன்னாலும் கவலையில்லை. மங்களம் மார்க்கெட்டுக்குப் போகிற நேரம் பார்த்து மாடியேறினார். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. விளக்கடியிலிருந்து பழைய வில்லையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போடப் போனார்.

"மச்சான், அத எடுக்காதீங்க."

வாசலில் மருதப்பன் நின்றார்.

"லாரி பிரேக்டவுன் லா, அதான் வந்துட்டேன்" என்று உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். அவர் கண் வேலாயுதத்தின் கையிலிருந்த புது வில்லையில் விழுந்தது. "மாத்தி வைக்க வந்தீங்களா?"

வேலாயுதம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "மாப்ள, அது வந்து... அது..."

"கள்ளுக்கடை வில்ல. தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மங்களம் தட்டுல வச்சு நீட்டுனப்பவே தெரியும். மீச மொளைக்கிறப்ப மொத மொதல்ல குடிச்சதே அந்தக் கடையிலதான். எத்தன வில்ல இந்தக் கையில ஏறி எறங்கியிருக்கு."

"தெரிஞ்சுமா அதுமேல கைய வச்சீங்க?"

மருதப்பன் சுவரிலிருந்த படங்களை ஒரு பார்வை பார்த்தார். "இவங்க மேலயெல்லாம் அடிச்ச சத்தியம் கொஞ்சமா? மீறிட்டு வந்து கன்னத்துல போட்டுக்குவேன். சாமி மன்னிச்சுடும்னு ஒரு தைரியம். அன்னைக்கி இதப் பாத்தேன். ஒரு பக்கம் மங்களம் அழுதுகிட்டு நிக்கிறா. அந்தப் பக்கம் கட்டிலுக்கு அடியில புள்ளையோட காலு மட்டும் தெரியுது. அவ எதுக்காக அங்க கெடக்கிறான்னு இந்த வில்லைக்குத் தெரியும், மச்சான். இது என்னய மன்னிக்காது. அதான் தொட்டேன்."

மருதப்பன் பாயிலிருந்து எழுந்தார். "மங்களத்துக்கு அது ஆத்தாவாவே இருக்கட்டும். உங்க புதுச கமலா கழுத்துல போட்டு விடுங்க."

கீழே மரப்படியில் மங்களம் ஏறி வருகிற சத்தம் கேட்டது. வேலாயுதம் அவசரமாகப் பழைய வில்லையை விளக்கடியில் இருந்த இடத்திலேயே வைத்தார். கலைந்துபோன குங்குமத்தைத் தன் விரலாலேயே மறுபடி இட்டார். பிறகு இரண்டு கையும் கூப்பி அதைக் கும்பிட்டார்.