பால்ரொட்டிக்காரன் முன்மொழிந்தது

எங்கள் ஊர் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கும் எல்வின் கார்வர், தினமும் மதியம் டாட்டியின் சாப்பாட்டுக் கடையில் ஒரே பண்டத்தைத்தான் கேட்பான். வாட்டிய ரொட்டியில் வெண்ணெய் தடவி, அது மூழ்கும்வரை சுடு பால் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு. காய்ச்சல்காரர்களுக்கும் பல் போனவர்களுக்கும் கொடுக்கிற பால்ரொட்டி. எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் பயந்தாங்கொள்ளிகளுக்கும் அதுதான் பெயர்.

"என்ன பால்ரொட்டி, இன்னிக்கு நீயே மெல்லுவியா, இல்ல டாட்டி மென்னு குடுக்கணுமா?" என்பேன். கடையே சிரிக்கும். எல்வினும் சிரிப்பான். நான் என் தட்டு இறைச்சியை இன்னும் கொஞ்சம் சத்தமாக வெட்டுவேன்.

அந்தப் பிப்ரவரியில் வெர்னா டீச்சருக்குக் கல்யாணம் ஆனது. கல்யாணமானவள் பாடம் நடத்தக் கூடாது என்று பள்ளிக் கமிட்டி அவரை நிறுத்திவிட்டது. தலைவர் ஆம்ப்ரோஸ் ஹேல், மர ஆலை முதலாளி. என் மகள் லோயிஸின் திக்குவாயோடு இரண்டு வருடம் பொறுமையாக உட்கார்ந்து, அவளை வாசிக்க வைத்தவர் வெர்னா.

"கவலைய விடுங்க டீச்சர். ஊர்க்கூட்டத்துல இந்த ஹார்லன் எந்திரிச்சா ஹேல் உக்காந்துடுவாரு" என்று அவர் வீட்டு வாசலில் முழங்கிவிட்டு வந்தேன். லோயிஸும் கூட இருந்தாள்.

மார்ச் மாத முதல் செவ்வாய், ஊர்க்கூட்டத்துக்காக ஊரே மன்றத்தில் கூடியிருந்தது. நான் தக்க தருணத்துக்காகக் காத்திருந்தபோது எல்வின் எழுந்துவிட்டான். கையிலிருந்த தொப்பியைத் துணி பிழிவதுபோலப் பிழிந்துகொண்டிருந்தான்.

"வெர்னா டீச்சர... திரும்ப எடுத்துக்கணும்னு... கமிட்டிய இந்தக் கூட்டம் கேட்டுக்கணும். முன்மொழியறேன்."

இன்னொருவர் வழிமொழிந்தால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும். இல்லையென்றால் பேச்சுக்கு வராமலே செத்துப்போகும். ஒரே ஒரு வார்த்தை போதும்.

முன்வரிசையிலிருந்து ஹேல் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அடுத்த விஷயம் தீயணைப்புப் படைத் தலைவர் தேர்தல். என் பெயரைச் சொல்லப்போகிறவர் அவர்தான். தலைவருக்குரிய பித்தளைப் பொத்தான் கோட்டு தைத்தாகிவிட்டது. குளிர்கோட்டுக்கு அடியில் அதைப் போட்டுக்கொண்டேதான் வந்திருந்தேன்.

"வழிமொழியறவங்க உண்டா?" என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

நான் இருமினேன்.

"ஹார்லன், வழிமொழியறியா?"

நூறு தலைகள் என் பக்கம் திரும்பின. எல்வினின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இல்ல. தொண்டை கரகரப்பு."

வேறு யாரும் வழிமொழியவில்லை. எல்வின் கசங்கிய தொப்பியை நீவினான். பிறகு உட்கார்ந்தான். என்னைத் தலைவராக்கியபோது ஊரே கைதட்டியது. குளிர்கோட்டைக் கழற்றினேன். பொத்தான்கள் நன்றாகத்தான் மின்னின.

சாயங்காலம் வீட்டில் இறைச்சித் தட்டைத் தள்ளி வைத்தேன். வயிறு சரியில்லை என்றேன். என் மனைவி எழுந்துபோய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பால்ரொட்டி.

லோயிஸ் என் கோட்டுப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, டீ... டீச்சருக்காக யாருமே பேசலியா?"

"எல்வின் மாமா பேசினாரு."

"நீங்க?"

கரண்டியை எடுத்தேன். பால் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

"நான் இருமினேன், கண்ணு."