ஏட்டய்யாவின் கைலிகள்

ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஏட்டு சைமன்ராஜின் அடக்கத்துக்கு வந்தவர்களில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. மாலை வைக்க வந்த அதிகாரி சொன்னார். மாதா கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே யாரோ சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் மனைவி சகாயம்மாள் அக்காவும் அதையே கேட்டுத்தான் அழுதார். "நான்தானே கையில எடுத்துக் குடுத்தேன். என் கண்ணு முன்னாடி போட்டுகினுதானே போனாரு. எதுக்குக் கழட்டுனாரு?" என்று சவப்பெட்டியின் மேல் அடித்து அடித்துக் கேட்டார். பதில் தெரிந்த ஆள் நான்தான். அன்று அவரோடு டூட்டியில் இருந்த கான்ஸ்டபிள் மலர்கொடி. அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் சாயங்காலம் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அது அக்கா பெயரில் இருப்பது. நிலக்கரிக் கம்பெனி கேன்டீனில் அவர் பெர்மனென்ட். "நான் வூட்டோட மாப்பிள்ளை மலரு, சத்தமா பேசினா கேட்ட பூட்டிடுவா" என்று ஏட்டய்யா ஸ்டேஷனையே சிரிக்க வைப்பார். இப்போது அந்த கேட் திறந்தே கிடந்தது.

அக்கா காபி கொடுத்தார். "குடிங்கம்மா, ஆறிடப் போவுது" என்றார். குடிக்காமல் சொல்ல ஆரம்பித்தேன்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் அது. பண்ருட்டி ரோட்டில் விடிந்த பிறகும் பனி விலகவில்லை. ஸ்கூட்டரில் முந்திரிக் கம்பெனிக்கு வேலைக்குப் போன பெண்ணை ஏதோ வண்டி அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தது. நாங்கள் போனபோது உயிர் இல்லை. ரோட்டில் வைக்கிற ஆரஞ்சு கோன்கள் எல்லாம் எங்கேயோ பந்தோபஸ்துக்குப் போயிருந்தன. எங்கள் பக்கத்து வழக்கப்படி முந்திரிக் கிளைகளை ஒடித்து ரோட்டில் போட்டோம். அந்தப் பனியில் கிளை யார் கண்ணுக்குத் தெரியும்?

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பெண்ணின் துணி கிழிந்து கிடந்தது. ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "யாராவது ஒரு துண்டு குடுங்கப்பா" என்று ஏட்டய்யா கேட்டார். துண்டு போட்டிருந்தவர்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிணத்தின் மேல் போட்ட துணியை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாதே, அந்தக் கணக்கு. படம் எடுத்த போனை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோகலாம் போலிருக்கிறது.

ஏட்டய்யா தன் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைக் கழற்றி அந்தப் பெண்ணை மூடினார்.

"பனி கொட்டுது ஏட்டய்யா, போட்டுக்குங்க" என்றேன்.

"பொம்பளப் புள்ள மலரு. ஆம்புலன்ஸ் வந்ததும் எடுத்துக்கறேன். நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு, வருகிற வண்டிகளை நிறுத்தக் கிளை போட்ட இடத்துக்கு நடந்தார். கொஞ்ச தூரத்திலேயே காக்கிச் சட்டை பனியில் மறைந்துவிட்டது. பிறகு பிரேக் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் இல்லை. லோடு வேன்.

சொல்லி முடித்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

"அப்போ அசட்டையா கழட்டல."

"இல்லக்கா."

"ஊரே சொல்லுதே, நானும் அந்த மனுசனத் திட்டிகினே இருந்தேனே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தெளிந்தவர், திடீரென்று நிமிர்ந்து பார்த்தார்.

"அவர யாரு மூடுனது?"

"நான்தான்க்கா."

"எத வச்சு?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எத வச்சுடி?"

"என் ஜாக்கெட்ட."

அதுவரை வாங்க போங்க என்று பேசியவர் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிவிட்டார். "நீயுமா? அதே ரோட்டுல, அதே பனியில, நீயும் கழட்டிட்டு நின்னுகினு இருந்தியா? இன்னொரு வண்டி வந்திருந்தா? உன் புள்ளைக்கு யாருடி பதில் சொல்றது?"

சத்தியமாக அந்த நொடி வரை எனக்கு அது உறைக்கவே இல்லை. அவர் மடியில் விழுந்து அழுதேன். துக்கம் கேட்கப் போனவளை அவர்தான் தேற்றினார்.

பிறகு எழுந்து உள்ளே போய் பீரோவைத் திறந்தார். ஏட்டய்யா குறிஞ்சிப்பாடிக்காரர். அந்த ஊர் கைலியைத் தவிர வீட்டில் வேறு எதையும் கட்ட மாட்டார். தோய்த்து மடித்து வைத்திருந்த அத்தனை கைலிகளையும் அள்ளிக்கொண்டு வந்து அக்கா என் மடியில் வைத்தார்.

"ஜீப்புல வையி. யார மூடணுமோ இத வச்சு மூடு. உன் மேல இருக்கறத கழட்டாத. ஸ்டேஷன்ல எல்லார் கிட்டயும் சொல்லு."

"உங்களுக்கு ஒண்ணாவது வச்சுக்குங்கக்கா."

"வச்சுகினு இன்னா பண்ணப் போறேன்? மோந்து பாத்து அழுவேன். எடுத்துகினு போ."

மாசி மாதம் வடலூர் ரோட்டில் ஒரு பெரியவர் சைக்கிளோடு லாரியில் மாட்டிக்கொண்டார். வெயில் சுள்ளென்று அடித்தது. ஜாக்கெட்டின் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டுதான் ஜீப்பைவிட்டு இறங்கினேன். முதலில் வண்டிகளை நிறுத்தினோம். பிறகு நீலக் கட்டம் போட்ட கைலியை எடுத்து அவரை மூடினேன். நன்றாகத் தேய்த்து மடித்திருந்த மடிப்பு அப்படியே இருந்தது.

மகன் ஓடி வந்தான். விழுந்து புரண்டு அழுதான். உடலை வண்டியில் ஏற்றும்போது, கைலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "யாரோட கைலிங்க மேடம்? தொவச்சுக் குடுத்துடறேன்" என்றான்.

"எங்க ஏட்டய்யாவோடது" என்றேன். "அப்பா மேலயே இருக்கட்டும் தம்பி. அவருக்கு வேற இருக்கு."