கீறல் விழாத மீன்

கிழக்கு வெளுக்கும்போதே இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளிக்கொண்டிருந்தோம். அலை மடங்கும் இடத்தைத் தாண்டும்வரை எஞ்சினை இறக்க முடியாது, தரை தட்டிவிடும். படகின் விளிம்பு அழுத்தி அழுத்தி எனக்கும் மச்சானுக்கும் தோளில் ஒரே இடத்தில் தோல் காய்த்துப்போயிருந்தது. மச்சான் என்றால் அக்காவின் புருஷன். ஒரே படகில் ஏழு வருடமாகப் போகிறோம்.

“தள்ளுடா மாப்ள. படகுமேல சாஞ்சுகிட்டுத் தூங்காத” என்றார்.

கடல் விரால் கரையோரம் வருவது வருடத்தில் ஒரு மாதம்தான். திருக்கை அடிமணலைக் கிளறிக்கொண்டு போகும்போது, வெளியே ஓடும் நண்டுக்காக அதன் முதுகுக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு வரும். ஒருவன் படகின் முனையில் நின்று பழுப்பு நிழலைத் தேட வேண்டும். இன்னொருவன் உயிர்நண்டைத் தூண்டில்முள்ளில் கோத்து அதன் மூக்குக்கு முன்னால் விழுமாறு வீச வேண்டும். அதுவரை பயமில்லை. மீனைப் படகுக்குள் ஏற்றுவதுதான் கண்டம். ஆள் எடையில் பாதி இருக்கும். உடம்பு முழுக்கச் சதை. முன்பெல்லாம் கொக்கிக் கம்பைச் செவுளில் மாட்டி, தண்ணீரிலேயே மண்டையில் கட்டையால் ஒரு போடு போட்ட பிறகுதான் தூக்குவோம்.

போன மாதம் முதலாளி தன் ஆறு படகிலிருந்தும் கம்பையும் கட்டையையும் எடுத்துக்கொண்டார். “வாங்குறவங்க கீறல் இல்லாத மீன் கேக்குறாங்க. வலையில ஏந்தி உள்ள எடுங்க” என்றார்.

“உயிரோட உள்ள போட்டா அது எங்களை அடிச்சே கொன்னுடும்” என்றார் நெட்டையன். எங்களில் மூத்தவர்.

“மீனுக்குப் பயந்தவன் வீட்டுல உக்காந்து வெங்காயம் உரிக்கலாம்.”

எல்லோரும் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அன்று வெயில் ஏறுவதற்குள் ஒரு மீன் சிக்கியது. அரைமணி நேரம் கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். மச்சான் வலையை அடியில் கொடுத்தார். “இப்ப வேணாம், இன்னும் கொஞ்சம் ஓடட்டும்” என்றார். எனக்குக் கை மரத்திருந்தது. “தூக்குங்க மச்சான்” என்று நானே இழுத்து உள்ளே போட்டேன்.

மீன் ஒருமுறை துள்ளியது. நண்டுக் கூடை கடலில் போய் விழுந்தது. இரண்டாவது துள்ளலில் மச்சானின் முழங்காலில் அடித்தது. குறுக்குப் பலகைக்கு அடியில் கால் மாட்டியிருக்க, அவர் மல்லாக்க விழுந்தார். படீரென்று ஒரு சத்தம். துடுப்புதான் ஒடிந்தது என்று நினைத்தேன். துடுப்பு அப்படியே கிடந்தது.

கரையில் நாலு பேர் அவரைத் தூக்கினார்கள். ஐஸ் கொட்டகையில் பாளம் உடைத்துக்கொண்டிருந்த அக்கா, கையிலிருந்த சுத்தியலோடு ஓடி வந்தாள். முதலாளியும் வந்தார். முதலில் படகுக்குள் எட்டிப் பார்த்தார். மீனைப் புரட்டி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தடவினார். பிறகுதான் “யாருக்கு அடி?” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவை விட்டுவிட்டு நான் திரும்பியபோது, பின்மதியம் ஆகியிருந்தது. முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவர் முன்னால் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடு. அசதியில கண்ணசந்தான், கால் மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான் எழுதியிருக்கு.”

“அவரு தூங்கலையே.”

“நான் தூங்கினான்னா சொல்றேன்? அசதின்னு சொல்றேன். வைத்தியம் நான் பாத்துக்கறேன். நாளையிலேர்ந்து அந்தப் படகு உன் பொறுப்பு. உங்க அக்கா குடும்பத்தைக் காப்பாத்த ஒரு ஆள் வேணுமில்ல?”

பேனா என் கைக்கு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் போட்டுவிடத்தான் நினைத்தேன். நான் இழுத்துப் போட்டது யாருக்கும் தெரியாமலே போய்விடும். எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ‘இன்னும் கொஞ்சம் ஓடட்டும்’ என்று சொன்ன மனுஷனையா கண்ணசந்தவன் என்று எழுதுவது?

“கட்டை இருந்திருந்தா இது நடந்திருக்காது முதலாளி.”

“கையெழுத்து கேட்டேன். கதை கேக்கல.”

பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

“வெளிய போனா உனக்கு இங்க படகு இல்ல” என்றார்.

மணலில் ஆறு படகின் பன்னிரண்டு பேரில் மிச்சமிருந்த பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். யாரும் வீராப்பாகப் பேசவில்லை. ஒருவன், “சீசன் இன்னும் பன்னிரண்டு நாள்தான். அப்புறம் அடுப்பு எப்படி எரியும்?” என்று கேட்டான். நெட்டையன் சொன்னார்: “அன்னைக்குச் சிரிச்சோமே, அப்பவே வாயைத் தொறந்து கேட்டிருக்கணும். நாளைக்கு என் படகு இறங்காது. கட்டையும் கம்பும் வரணும். அவனுக்கு வைத்தியம் நடக்கணும். அந்தத் தாள் கிழியணும்.” ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். கடைசியாக அசைத்தவன் அழுதான்.

மறுநாள் விடிந்தது. ஆறு படகும் மணலில் கிடந்தன. கரையிலிருந்தே பழுப்பு நிழல்கள் தெரிந்தன. இரண்டு, மூன்று, ஒரு கூட்டமே போனது. பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. ஐஸ் கொட்டகைப் பெண்களும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து எங்கள் பக்கம் உட்கார்ந்தார்கள்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்தாள். நேற்றுக் கட்டிய அதே சேலை.

“கால்ல ரத்தம் ஓடலையாம். முழங்காலுக்கு மேல எடுத்துட்டாங்க.”

நான் எழுந்தேன். “அக்கா, அவர் வேணாம்னாரு. நான்தான் இழுத்துப் போட்டேன்.”

“தெரியும். மயக்கம் தெளிஞ்சதும் அவரே சொன்னாரு. ‘அவன் கை அறுந்து கிடந்துச்சு, அவனை எதுவும் சொல்லாத’ன்னாரு.” என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். “எனக்குக் கோபம் இல்லன்னு நினைக்காத. அதை வீட்டுல வெச்சுப் பேசிக்கறேன். இப்பத் தள்ளி உக்காரு.”

உட்கார்ந்தாள். அவள் உடம்பு முழுக்க மருந்து வாடை.

சற்று நேரத்தில் சாலைப் பக்கம் லாரி வந்து நின்றது. முதலாளி முன்னால் இறங்கினார். பின்னால் நின்றிருந்தவர்கள் எங்களைப் போலவே வெயிலில் கருத்த ஆட்கள். வேற்றுக் கரையிலிருந்து கூட்டி வந்திருந்தார். எங்களில் ஒருவன் கல்லைத் தேடிக் குனிந்தான்.

அக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அழுது வீங்கிய முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அவங்களுக்கும் கால் இருக்கு. வாங்க, போய்ப் பேசுவோம்.”

அவள் லாரியைப் பார்த்து நடந்தாள். மணலைத் தட்டிக்கொண்டு நாங்கள் அத்தனை பேரும் எழுந்து கூடவே நடந்தோம்.