அப்பாவின் குரலைச் சுத்தம் செய்தவன்

...அப்படியானால் அந்த பேக்கப் எங்கே போனது, எடுத்து வைக்கட்டுமா என்று அந்தக் கிளீனர் சாஃப்ட்வேர் கேட்டதே, எடு என்று இவன் அழுத்தினானே, பச்சையாக ஒரு அடையாளம்கூட வந்து போனதே... எங்கே வைத்திருக்கும், எங்கே வைத்துத் தொலைத்திருக்கும் என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து மூடிக்கொண்டிருந்தவனுக்குச் சட்டென்று உறைத்தது. டெம்ப் ஃபோல்டர். தற்காலிகக் குப்பை கிடக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. கம்ப்யூட்டரின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் துடைத்து முடித்த கையோடு, குப்பையையும் அள்ளிவிடவா என்று அதே கிளீனர் கேட்டது, அள்ளு அள்ளு என்று அதையும் இவன்தான் அழுத்தினான். சரி, கம்ப்யூட்டரை நேற்றைய நிலைக்குத் திருப்பிக்கொண்டு போகிற வசதி இருக்கிறதே? இருந்தது. சும்மா இடத்தை அடைக்கிறது என்று போன மாதம் அதையும் அணைத்து வைத்தது யார்? கயிற்றை அறுத்துவிட்டு, ஏணியையும் வெளியே எறிந்துவிட்டு, அப்புறம் கிணற்றில் குதித்த புத்திசாலி... முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. எதை வைத்துத் திட்டுவார், காலையில் இவன் துடைத்துப் போட்டது அவருடைய குரலையல்லவா.

அப்பா துணிக்கடையில் காலமெல்லாம் வாயால் விற்றவர், ஒரு கைக்குட்டை வாங்க வந்தவரிடம் சட்டைத்துணியும் கொடுத்து அனுப்பிவிடுகிற வாய், அந்த வாய்க்குக் கீழே தொண்டையில் ஒரு கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தக் கம்ப்யூட்டர்தான். அவர் தட்டுவார், என்டரை அழுத்துவார், அது பேசும். அந்த சாஃப்ட்வேரைக் கண்டுபிடித்துப் போட்டுக் கொடுத்தவனும் இவன்தான், அந்தப் பெருமையை யாரும் மறுக்கவில்லை, ஆனால் போட்டதோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்தானா? புதிதாக எதைப் பார்த்தாலும் இறக்கிப் பார்க்காவிட்டால் கை நமநமவென்று இருக்கும், அம்மாவின் ஃபோன், பக்கத்து வீட்டு டிவி, எதுவும் தப்பாது, அக்கா இவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவாள், நல்லா இருக்கற மெஷினாப் பாத்து அட்மிட் பண்ணுவான் என்பாள். இந்தத் தடவை காரணம் இருந்தது. குரல் தாமதமாக வந்தது. இவன் ஏதாவது கேட்பான், டகடகவென்று தட்டுகிற சத்தம் கேட்கும், சத்தம் நிற்கும், அப்புறம் ஒன்றும் இருக்காது... ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு... அதற்குள் இவன் சரி சரிப்பா, புரிஞ்சுது என்று செருப்பை மாட்டியிருப்பான், படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வரும், யாருக்கு என்று தெரியாமல். கம்ப்யூட்டர் திணறுகிறது, ரெஜிஸ்ட்ரி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று இவன் சொன்னபோது அம்மா கேட்கவில்லை. என்கிட்ட டக்குடக்குனுதான் பேசறாரு, உனக்குத்தான் கால்ல வெந்நி ஊத்தின மாதிரி என்றாள். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று அப்போது நினைத்தான்.

கிளீனரை ஓடவிட்டதும் சிவப்பு சிவப்பாக எண்கள் ஏறின, ஆயிரத்துச் சொச்சம் பிழைகள், பார்க்கப் பார்க்க இவனுக்கு உற்சாகம், அழுக்கு எவ்வளவு அதிகமோ துடைப்பவனுக்கு அவ்வளவு மரியாதை... அதில் அநாதைப் பதிவுகள் என்று ஒரு வரிசை இருந்தது. எந்த சாஃப்ட்வேரோடும் ஒட்டாமல் தனியாகக் கிடப்பவை என்று அர்த்தமாம். அதற்குள்தான் அப்பாவின் குரல் இருந்திருக்கிறது. குரல் இருந்த ஃபோல்டரை எப்போதோ இவன் வேறு டிரைவுக்கு நகர்த்தி, பழைய இடத்தில் ஒரு குறுக்குவழியை மட்டும் விட்டிருந்தான், தேடிப் போன கிளீனர் பழைய முகவரியில் ஆள் இல்லை என்று கண்டு, சொந்தமில்லாதது என்று எழுதிவிட்டது. எல்லாவற்றையும் சரிசெய் என்று ஒரே ஒரு பொத்தான். அப்புறம் அப்பா வந்து உட்கார்ந்து, எதையோ தட்டி, என்டரை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை. ஸ்பீக்கர் வயரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இவன் முகத்தைப் பார்த்தார். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தாச்சா என்று அம்மா மட்டும் உள்ளேயிருந்து கேட்டாள்.

சாயந்திரம் அக்கா கூப்பிடுவாள். வெளிநாட்டில் இருக்கிறாள், வாரத்தில் ஒரே நாள், அவளுடைய பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், அந்தக் குட்டிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தாத்தா என்றால் இந்தக் கம்ப்யூட்டர் குரல்தான், வேறு தாத்தாவை அவளுக்குத் தெரியாது. அதற்குள் சரிசெய்தாக வேண்டும். குரலைத் திரும்ப இறக்கிப் போட்டான், அது ஏறிக்கொண்டது, அப்பாடா என்று ‘வணக்கம்’ தட்டினால், யாரோ மெலிந்த இளைஞன் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பதுபோல வணக்கம் சொன்னான். அப்பா இல்லை. அப்பா சாயந்திரம் சாயந்திரமாக உட்கார்ந்து வேகத்தைக் குறைத்து, கனத்தைக் கூட்டி, தனக்கு ஒட்டுகிற மாதிரி வைத்திருந்தாரே, அந்த அளவுகளும் ரெஜிஸ்ட்ரியில்தான் இருந்தன, அவையும் போயின. எவ்வளவு வச்சிருந்தீங்கப்பா, நம்பர் ஞாபகம் இருக்கா? அப்பா கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார், காதால வச்சது, நம்பர் தெரியாது. சரி, காதால்தானே, இவனுக்கும் காது இருக்கிறதே... நகர்த்தினான், கேட்டான், இதுவா, கொஞ்சம் மேலேயா, கீழேயா... வருஷக்கணக்காக அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்த குரல் எப்படி இருந்தது என்று இவனுக்குத் தெரியவில்லை. அதற்கும் முன்னால், தொண்டையிலிருந்தே வந்ததே, அது? சத்தமாக இருக்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் தெருமுனைவரை வரும், அவ்வளவுதான் இருக்கிறது, மிச்சம் எங்கே, அதை எந்தக் கிளீனர் துடைத்தது? ஒரு கட்டத்தில் அப்பா தலையை ஆட்டினார், போதும், இதுவே சரி என்கிற மாதிரி. எல்லாத் துணியையும் பிரித்துப் போட வைத்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறவர்களுக்கு அவர் ஆட்டுகிற தலை அது, கடைக்குப் போயிருந்தபோது பார்த்திருக்கிறான்.

அக்கா வீடியோவில் வந்தாள், ஃபோனை மானிட்டரில் சாய்த்து நிறுத்தினார்கள், எங்கேயாவது மறுபடி மக்கர் பண்ணினால் பிடிக்கலாம் என்று இவன் அப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். இப்படி ஒட்டி உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று... அப்பா தட்டினார், குரல் சாப்பிட்டியா கண்ணு என்றது. திரையில் குட்டியின் முகம் சுருங்கிப்போனது. "இது தாத்தா இல்ல. வேற யாரோ மாமா." அக்கா இவனைப் பார்த்தாள். "டாக்டரே, என்ன பண்ணித் தொலைச்ச?" அப்பாதான் மவுஸை எடுத்தார், கொஞ்சம் நகர்த்தி மறுபடி பேசவைத்தார், குட்டி தலையை ஆட்டினாள், இன்னும் குண்டா பேசணும் என்றாள், அம்மா பின்னால் நின்று சிரித்தாள், இன்னும் கொஞ்சம் குண்டாக, ஐயோ இவ்ளோ இல்ல, மெதுவா மெதுவா... என்று குட்டி விரட்ட விரட்ட அப்பா பணிவான சிப்பந்தி மாதிரி நகர்த்திக்கொண்டே போனார். "ஆங்... இதான் தாத்தா." இவனுக்குச் சந்தோஷமா, அவமானமா, இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம், அந்தக் குட்டிக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அப்பா பேசினார், என்னமாய்ப் பேசினார், அக்கா ஒன்று சொல்ல இவர் ஒன்று, கடைசி எழுத்தைத் தட்டின விரலும் என்டரில் விழுந்த விரலும் ஒரே வீச்சு, அளந்து முடித்த துணியைக் கடைக்காரர் சர்ரென்று கிழிப்பதுபோல. நடுவில் அம்மா எதற்கோ கடிந்துகொண்டாள், அவளுக்கும் உடனே பதில், நீ சும்மா இரு என்று. ஆகா, வேகமாகிவிட்டது, எவ்வளவு பாடுபடுத்தினாலும் கடைசியில் சுத்தம் செய்ததில் பலன் இருக்கிறது என்று இவனுக்கு லேசாக ஒரு திருப்திகூட எட்டிப் பார்த்தது... அக்கா வைத்துவிட்டாள். அம்மா விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். "இப்ப வேகமா இருக்காப்பா?" என்று கேட்டான். அப்பா தட்டினார், டகடகவென்று, நிறுத்தினார். ஒன்றும் வரவில்லை. ஒரு மூச்சு... இவனுக்குத் திக்கென்றது, மறுபடியுமா, எந்தப் பதிவு போயிற்று என்று திரையைப் பார்த்தான். வாக்கியம் அங்கே முழுதாக இருந்தது. "நல்ல வேகம்தான்." முற்றுப்புள்ளிகூட வைத்திருந்தார், அதற்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது, விரல் என்டரின் மேல் இருந்தது, அழுத்தாமல். அப்பா திரையைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்துக்கொண்டிருந்தார், விலை சொல்லலாமா வேண்டாமா, நிற்பாரா போய்விடுவாரா என்று வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பதுபோல... அக்காவிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை, அந்தக் குட்டியிடம் இல்லவே இல்லை, அப்படியானால் இத்தனை நாளும் இந்தத் தாமதம் மெஷினுடையது இல்லை... சரி சரிப்பா என்பது வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இவன் அதை விழுங்கிக்கொண்டு முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். விரல் இன்னும் என்டரின் மேலேயே இருந்தது.