கடவாய்ப் பல்லுக்கு ஒரு துபாஷி

மாசிலாமணிக்குத் தான் பெரிய இந்திப் பண்டிதர் என்று நினைப்பு. தெற்கத்தி உத்தியோகஸ்தர்களுக்கென்று ஆபீசில் வைக்கிற இந்திப் பரீட்சையில் தேறி, அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, டில்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸ் ஹாலில் சாமி படத்துக்கும் மேலே மாட்டியிருந்தார். அந்த இந்தியை வைத்துக்கொண்டு ஒரு ஆட்டோ பிடிக்க முடியாது. சுற்றறிக்கை வேண்டுமானால் எழுதலாம். ஆட்டோ பிடிப்பது, சிலிண்டர்காரனோடு மல்லுக்கு நிற்பது, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முற்றின முருங்கைக்காயைக் கடைக்காரன் தலையிலேயே திருப்பிக் கட்டுவது எல்லாம் அவர் மனைவி தங்கம்தான். அதை அவர் இந்தி என்றே ஒப்புக்கொள்வதில்லை. "அது காய்கறி பாஷை" என்பார்.

தங்கத்துக்கு வலப்பக்கக் கடவாயில் இரண்டு பல் சொத்தை விழுந்து எடுத்தாகிவிட்டது. தீபாவளியிலிருந்து ஒரு பக்கமாகவே மென்று தாடை வலி கண்டிருந்தது. முறுக்கைக் காபியில் ஊறவைத்துத் தின்றாள். அதற்குக் கஞ்சியே குடிக்கலாம். சிரித்தால் ஓட்டை தெரிகிறதென்று முந்தானையால் வாயை மூடுகிற பழக்கம் வந்தது. பிறகு சிரிப்பதே குறைந்துபோனது. பழையபடி கடிக்கணும், பழையபடி சிரிக்கணும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"கடவாய்ப் பல்லை யாரு பாக்கப் போறா? எனக்குன்னா முன்பல்லு. நாலு பேரு முன்னாடி பேசுற ஆளு" என்றார் மாசிலாமணி.

போன வருஷம் தன் முன்பல் ஒன்று விழுந்ததும் வீட்டையே இரண்டாக்கி, எலும்பில் திருகு இறக்கி இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட மனிதர் அவர். அந்தப் பல்லைக் காட்டுவதற்கென்றே காலை நடையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இளித்தார். நாலு பேர் முன்னால் அவர் அப்படி என்னதான் பேசிக் கிழித்தார் என்பது தங்கத்துக்கு இன்றுவரை தெரியாது.

அவள் நச்சரிப்புத் தாங்காமல்தான் அதே பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மஞ்சு ஹரியானாவில் ரோத்தக் பக்கத்துப் பெண். தங்கத்தை நாற்காலியில் சாய்த்து வாய்க்குள் கண்ணாடியை விட்டதுமே மாசிலாமணி முந்திக்கொண்டார். என் மனைவிக்கு இந்தி வராது, நான் எடுத்துச் சொல்கிறேன் என்று அறிவித்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"தாந்தோங் கீ வர்த்தமான் ஸ்திதி க்யா ஹை?"

பற்களின் தற்போதைய நிலவரம் என்னவாம்! மத்திய சர்க்காரே நேரில் வந்து அறிக்கை கேட்ட மாதிரி இருந்தது.

டாக்டர் அவருக்காக நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கழற்றி மாட்டுகிற செட் ஒன்று. முன்னும் பின்னும் உள்ள பற்களைச் சீவி, அவற்றைப் பிடித்துக் கட்டுகிற பிரிட்ஜ் ஒன்று. இல்லாவிட்டால் இம்ப்ளான்ட், அதுதான் செலவில் பெரியது. பக்கத்துப் பற்கள் நன்றாக இருக்கும்போது அவற்றைச் சீவுவது பாவம். எக்ஸ்ரேயில் எலும்பு கெட்டியாகத் தெரிகிறது, சர்க்கரையும் இல்லை. அதனால் என் யோசனை இம்ப்ளான்ட்தான், எலும்போடு சேர்கிறவரை சில மாதம் பொறுக்க வேண்டும், உங்கள் மனைவியையே கேளுங்கள் என்றாள்.

மாசிலாமணி மனைவி பக்கம் திரும்பினார்.

"எலும்பு பத்தலையாம். ஒனக்குக் கழட்டி மாட்டுற செட்டுதான் லாயக்குன்னு சொல்றாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைத் தங்கம் பார்த்திருக்கிறாள். இந்த மனுஷர் சோறே இல்லாத இலையில் மறைக்கப் பார்க்கிறார். டில்லியில் இத்தனை காலம் குடும்பம் நடத்துகிறவளுக்கு 'ஹட்டி மஜ்பூத்' என்றால் எலும்பு கெட்டி என்று தெரியாதா? எவ்வளவு தூரம்தான் போவார் பார்க்கலாம் என்று திறந்த வாய் திறந்தபடி கிடந்தாள்.

அவர் அதற்கு மேலும் போனார். தன் மனைவி ரொம்பப் பயந்த சுபாவம், இம்ப்ளான்ட் வேண்டவே வேண்டாமென்று அவளே கேட்டுக்கொள்கிறாள் என்று டாக்டரிடம் சர்க்கார் இந்தியில் சமர்ப்பித்தார்.

பொய் சொன்னதைக்கூட அவள் விட்டிருப்பாள். தன் வாய் திறந்து கிடக்கும்போதே, அதிலிருந்து வந்ததாக ஒரு பேச்சைக் கட்டிவிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. சீ, இந்த ஆளுக்கா வேளாவேளைக்குச் சுடச்சுட ஆக்கிப் போட்டோம் என்று அருவருப்பாக இருந்தது.

டாக்டர் கண்ணாடியை எடுத்ததும் தங்கம் எழுந்து உட்கார்ந்தாள். வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். அப்புறம் காய்கறி பாஷையை அவிழ்த்துவிட்டாள்.

"டர்-வர் குச் நஹீ, டாக்டர்ஜி. இம்ப்ளான்ட் ஹீ லகா தோ."

பயமுமில்லை கியமுமில்லை, இம்ப்ளான்ட்டே வைத்துவிடுங்கள் என்றதும் டாக்டர் மஞ்சு ஒரு கணம் விழித்தாள். பிறகு முகம் மலர்ந்து, தன் சொந்த ஊர் வேகத்துக்கே போய்விட்டாள். வீக்கம் எப்போது வடியும், வரும்போது சாப்பிட்டுவிட்டு வரலாமா, முறுக்கு எப்போது கடிக்கலாம் என்று இரண்டு பெண்களும் மூச்சு விடாமல் பேசினார்கள். இந்த வேகத்தில் எந்தப் பரீட்சையிலும் மாசிலாமணியைக் கேள்வி கேட்டதில்லை. அவர் இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன... என்ன சொல்றாங்க?" என்றார் கடைசியில், மனைவியிடம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தோதுப்படுமா என்றுதான் டாக்டர் கேட்டிருந்தாள்.

"தொணைக்கு வந்த ஆளு வெளிய போயி உக்காரணுமாம்" என்றாள் தங்கம்.

மாசிலாமணி டாக்டரைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டிவிட்டு வெளியே போனார். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. தங்கம் பல் போன ஓட்டை தெரிய வாய்விட்டுச் சிரித்தாள். முந்தானை மடியிலேயே கிடந்தது.